லைக் வருது, ஓடர் வரல்ல: மருதமுனைத் தங்கச்சிக்கு ஒரு பதில்

இந்தக் கிழமை பதில் சொல்ற கடிதம் அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர் மருதமுனையில இருந்து ஒரு தங்கச்சி எழுதினது. கடிதம் நீளம், சுருக்கிச் சொல்றன். வாப்பாட கைத்தறி, வீட்டோட சேந்த கொட்டில்ல மூண்டு தறி ஓடுது, சாறனும் சாரியும் நெய்யிறாங்க. பேஸ்புக் பேஜ்ல 4,200 ஃபொலோவர்ஸ் இருக்காங்க, ஆனா எந்தப் போஸ்ட் போட்டாலும் ஒம்பது பத்து லைக்குக்கு மேல போறதில்ல. போன மாசம் 5,000 ரூபா குடுத்து பூஸ்ட் பண்ணினதுல 600 லைக் வந்திச்சாம், ஓடர் ஒண்டும் வரல்லயாம். கட்டார்ல இருக்கிற காக்கா (அண்ணன்) டிக்டொக்குக்குப் போ எண்டு நிக்கிறார். தங்கச்சிக்கு முகம் காட்டி வீடியோ செய்ய விருப்பமில்ல, வீட்டிலயும் விருப்பமில்ல. விசைத்தறிச் சாறனைக் கொண்டுவந்து மருதமுனைச் சாறன் எண்டு குறைஞ்ச விலைக்கு விக்கிறாங்க எண்ட கவலையும் இருக்கு. கடைசியா "ஆக்கள் ஏன் எங்கட பேஜ்ல வந்து கதைக்கிறாங்க இல்ல?" எண்டு கேட்டிருக்காங்க. பேஜ்ட லிங்கும், எத்தின பேர் பாத்தாங்க எண்டு கணக்குக் காட்டுற இன்சைட்ஸ் ஸ்கிரீன்ஷொட்டும் சேத்து அனுப்பினதால கண்ணால பாத்தே சொல்ல ஏலுமா இருக்கு.

தங்கச்சி, முதல்ல உங்கட மனசுல இருக்கிற ஒரு கணக்கைத் திருத்துவம். 4,200 பேர்ல ஒம்பது பேர்தான் லைக் போடுறாங்க எண்டு நினைச்சு நீங்க சோர்ந்து போயிருக்கீங்க. ஆனா உங்கட ஸ்கிரீன்ஷொட்ல ரீச் எண்ட இடத்தைப் பாருங்க, கடைசிப் போஸ்ட் போய்ச் சேந்ததே 180 பேருக்குத்தான். 180 பேர் கண்டு ஒம்பது பேர் ஏதோ ஒண்டு செஞ்சிருக்காங்க எண்டா நூத்துக்கு அஞ்சு பேர். ஒரு சின்னப் பேஜுக்கு இது குறைவே இல்ல. கண்ட ஆக்களுக்கு உங்கட துணி பிடிச்சிருக்கு, காணாத ஆக்கள்தான் கனபேர். இனிமேல் லைக்கை ஃபொலோவர்ஸ் எண்ணிக்கையால பிரிக்காதீங்க, ரீச்சால பிரிச்சுப் பாருங்க.

அப்ப மிச்சம் நாலாயிரம் பேருக்கும் ஏன் போகல்ல? அதுக்குக் காரணம் உங்கட கடிதத்துக்குள்ளயே இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முதல் காக்காட கூட்டாளி ஒராள் "பேஜை லைக் பண்ணுங்க, உங்கட டைம்லைன்ல ஷெயார் பண்ணுங்க, மூண்டு பேரை டேக் பண்ணுங்க, ஒரு சாரி இலவசம்" எண்டு ஒரு போட்டி வச்சு ஒரு கிழமைக்குள்ள மூவாயிரம் பேரைக் கொண்டுவந்தார் எண்டு எழுதியிருந்தீங்க. அந்த மூவாயிரம் பேரும் இலவசச் சாரிக்கு வந்தவங்க, கைத்தறிக்கு வந்தவங்க இல்ல. பேஸ்புக் ஒரு போஸ்டை எல்லாருக்கும் ஒரேயடியா காட்டுறதில்ல, ஆர் இதைப் பாத்து நிப்பாங்க, ஆர் கதைப்பாங்க எண்டு ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா கணிச்சுத்தான் காட்டும், உங்கட பேஜ்ல இருக்கிற கூட்டம் ரெண்டு வருசமா ஒண்டையும் தொட்டுப் பாக்காத கூட்டமா இருந்தா அந்தக் கணிப்பும் அதுக்கேத்த மாதிரித்தான் வரும். 2017 டிசம்பர்ல இருந்தே லைக் பண்ணு, டேக் பண்ணு, ஷெயார் பண்ணு எண்டு கெஞ்சுற போஸ்ட்டுகளைக் கீழ தள்ளுறம் எண்டு பேஸ்புக் அறிவிச்சுட்டுது. 2018 ஜனவரியில நியூஸ்ஃபீடையும் மாத்தி, பேஜுகளை விட சொந்தபந்தம், கூட்டாளிமாரோட போஸ்ட்டுகளுக்கும் ஆக்கள் ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிற போஸ்ட்டுகளுக்கும் முன்னிடம் குடுத்தாங்க. டைம்லைன்ல ஷெயார் பண்ணச் சொல்லி, கூட்டாளிமாரை டேக் பண்ணச் சொல்லிப் போட்டி நடத்துறது அவங்கட பேஜ் விதிகளுக்கே மாறானது. அதால நோன்புக்கு இன்னொரு போட்டி வைப்பமா எண்டு கேட்டதுக்கு என்ட பதில் வேணாம். போட்டிக்குக் குடுக்க நினைச்ச சாரியை வித்து, வீடியோ எடுக்க ஒரு நல்ல போன் ஸ்டாண்ட் வாங்குங்க.

பூஸ்ட் கதையும் இதுதான். பூஸ்ட் பட்டனை அமத்தும்போது உங்களுக்கு என்ன வேணும் எண்டு அது கேக்கும். நீங்க எங்கேஜ்மென்ட் (லைக், கொமென்ட், ஷெயார்) எண்டதைத் தெரிவு செஞ்சிருக்கீங்க, ஸ்கிரீன்ஷொட்ல தெளிவா தெரியுது. அது லைக் போடுற பழக்கமுள்ள ஆக்களைத் தேடிப் பிடிச்சுக் காட்டிச்சு, அவங்களும் லைக் போட்டாங்க, கேட்டதைச் செஞ்சு தந்திருக்கு. மெசேஜ் வேணும் எண்டு தெரிவு செஞ்சிருந்தா மெசேஜ் அனுப்புற ஆக்களைத் தேடியிருக்கும். அதோட இலங்கை முழுக்க, 18 வயசுல இருந்து 65 வரைக்கும் எண்டு ஆக்களை வடிகட்டாம விட்டிருக்கீங்க. இப்ப கொஞ்ச நாளைக்கு பூஸ்ட் பக்கம் போகவேணாம். காசு போடாமலே பத்துப் பதினைஞ்சு பேர் கேள்வி கேட்ட ஒரு போஸ்ட் வரட்டும், அந்தப் போஸ்டுக்கு மெசேஜ் எண்டதைத் தெரிவு செஞ்சு சின்னத் தொகை போட்டுப் பாருங்க. ஒருத்தரும் ஒண்டும் கேக்காத போஸ்டுக்குக் காசு போட்டா, ஒண்டும் கேக்காத ஆக்கள் இன்னும் கனபேர் அதைப் பாப்பாங்க, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறன். உங்கட பேஜை நான் கீழ வரைக்கும் பாத்தன். அதுல ஒரு போஸ்ட், மூண்டு சாறன் மடிச்சு வச்ச படம், பின்னால பூப்போட்ட போஸ்டர், பெரிய எழுத்துல போன் நம்பர், கீழ "விலைக்கு இன்பொக்ஸ் வாங்க". கொமென்ட்ல நாலு பேர் "எவ்வளவு?" எண்டு கேட்டிருக்காங்க, நாலு பேருக்கும் "இன்பொக்ஸ் செக்" எண்டு பதில். கடைக்கு வந்து விலை கேக்கிற ஆளைப் பின்வாசலால வாங்க சொல்றன் எண்டு அனுப்பினா எத்தின பேர் சுத்திக்கொண்டு வருவாங்க? அதே மாதிரித்தான் இதும். ஐஞ்சாவதா ஒராள் எழுதியிருக்கார், ப்ரொஃபைலைப் பாத்தா தோஹாவில வேலை செய்யிறவர் போல: "இது எங்கட ஊர்த் தறியில நெய்ததா? மூத்தவாப்பா உடுக்கிற பச்சைக் கரைச் சாறன் இப்பயும் வருதா?" அதுக்குக் கீழ ஒண்டும் இல்ல. அஞ்சு கிழமையா ஒரு பதிலும் இல்லாம அந்தக் கேள்வி அங்க கிடக்கு.

தங்கச்சி, கடிதத்துல கேட்டிருந்தீங்க ஆக்கள் ஏன் கதைக்கிறாங்க இல்ல எண்டு. கதைச்சிருக்காங்க. அந்த 600 லைக்கை விட இந்த ஒரு கொமென்ட் பெறுமதி கூடினது. அவருக்கு ஊர் தெரியும், துணி தெரியும், நிறம் தெரியும், வாங்க மனசும் இருக்கு. அவருக்கு இப்ப சரி பதில் எழுதுங்க, பிந்தினதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதுங்க. வாப்பாட்டக் கேளுங்க பச்சைக் கரை இப்பயும் நெய்யிறீங்களா எண்டு, ஆம் எண்டா ஒரு படம் எடுத்துப் போட்டு "தோஹாவில இருந்து ஒராள் பச்சைக் கரை கேட்டார், இந்தா தறியில ஏறியிருக்கு" எண்டு ஒரு போஸ்டே போடலாம். இல்ல எண்டா "வாப்பா இப்ப அதை விட்டுட்டார், எத்தின பேருக்கு வேணும் எண்டு சொன்னா திரும்பப் பாவு போடலாம்" எண்டு கேளுங்க (பாவு எண்டா தறியில நீளவாட்டுக்கு ஏத்துற நூல், வாசிக்கிற மற்ற ஆக்களுக்குச் சொல்றன்). அதுக்குக் கீழ கதை வரும் பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் அவங்கட மூத்தவாப்பாட சாறன் ஞாபகம் வரும். ஒரு கொமென்டுக்கு நீங்க பதில் போட்டா அவர் திரும்பப் பதில் போடுவார், அவரைத் தெரிஞ்ச இன்னொராள் உள்ள வருவார், பேஸ்புக் தேடுற கதை பேச்சு இதுதான்.

விலையைப் போட்டா பக்கத்துக் கடை பாத்துக் குறைச்சு விப்பாங்க எண்டு வாப்பா பயப்படுறார் எண்டு எழுதியிருந்தீங்க. விளங்குது, ஆனா பக்கத்துக் கடைக்கு உங்கட விலை இப்பயும் தெரியும், தெரியாதது வாங்க வாற ஆளுக்கு மட்டும்தான். விசைத்தறிச் சாறனோட விலையில போட்டி போட உங்களால ஏலாது, போடவும் வேணாம். விலையைப் பகிரங்கமா போட்டு, ஏன் அந்த விலை எண்டதையும் சேத்துச் சொல்லுங்க. நீங்க எழுதின 2,600 ரூபா சாறனுக்கு நான் எழுதினா இப்படி எழுதுவன்: "மருதமுனைக் கைத்தறிச் சாறன். பருத்தி நூல், பச்சைக் கரை. எங்கட வீட்டுத் தறியில வாப்பா நெய்தது. விலை 2,600 ரூபா, கூரியர் காசு வேற. இந்தப் பாவுல இன்னும் ஆறு சாறன் மட்டும் வரும். கரை அகலமா வேணுமா ஒடுக்கமா வேணுமா எண்டு சொல்லுங்க, அடுத்த பாவுக்கு வாப்பாட்டச் சொல்றன்." நீளம் அகலத்தையும் போட மறக்காதீங்க. கடைசி வரியில உண்மையான கேள்வி ஒண்டு இருக்கு, பதில் சொன்னா நெசவுல ஏதோ ஒண்டு மாறும் எண்டு ஆக்களுக்குத் தெரியும். சும்மா "உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" எண்டு கேட்டா ஒருத்தரும் மினக்கெட மாட்டாங்க. ஆறு எண்டு எழுதினா ஆறுதான் இருக்கவேணும், ஊர்ல பொய் நிக்காது.

சிங்களத்துலயும் ஒரு வரி போடுங்க. கைத்தறி தேடுற ஆக்கள் கொழும்புலயும் அம்பாறை டவுன்லயும் கனக்க இருக்காங்க, அவங்கள்ல சிங்கள ஆக்களுக்கு உங்கட தமிழ் போஸ்ட் விளங்காது. பேஜ் பேர்லயும் மருதமுனை எண்டதைத் தமிழ்லயும் இங்கிலீஷ் எழுத்துலயும் வையுங்க, எங்கட ஆக்களே தேடும்போது இங்கிலீஷ் எழுத்துலதான் தட்டுறாங்க.

வீடியோவுக்கு வருவம். முகம் காட்டாம ஏலுமா எண்டு கேட்டீங்க. நல்லாவே ஏலும், உங்கட தொழிலுக்கு முகத்தை விடக் கைதான் தேவை. போனை நிமித்தி வச்சு, நேரா பாக்கிற மாதிரி எடுங்க. பாவு நூல் ஒண்டு அறுந்தா வாப்பா தறியை நிப்பாட்டி அந்த நூலைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவார் இல்லயா, அதுல இருந்து வீடியோவைத் தொடங்குங்க. பேஜ் பேரும் பூவும் சுத்திச் சுத்தி வாற இன்ட்ரோ வேணாம், முதல் ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ளதான் ஆக்கள் நிக்கிறதும் தள்ளிவிட்டுப் போறதும். அறுந்த நூல், வாப்பாட விரல், முடிச்சு, மறுகா காலால மிதிக்கிற மிதி, நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுறது, கடைசியா அந்த இடத்தைக் கிட்ட காட்டி முடிச்சு எங்க எண்டு தேடச் சொல்லுங்க. அரை நிமிசம் காணும். பாட்டுப் போடாதீங்க, தறிச் சத்தத்தையே விடுங்க. அந்தச் சத்தத்துல வளந்த ஆக்கள் கட்டார், சவூதி, லண்டன் எண்டு பரந்து கிடக்காங்க, பாட்டை விட அது அவங்களை நிப்பாட்டும். பிஸ்னஸ் அக்கவுன்டுக்கு எல்லாப் பாட்டும் பாவிக்க அனுமதி இல்ல, சினிமாப் பாட்டுப் போட்டா பிறகு சத்தம் வெட்டுப்படுற வில்லங்கமும் வரும். சத்தமில்லாம பாக்கிற ஆக்களுக்காகக் கீழ ஒரு வரி எழுத்துப் போட்டுவிடுங்க.

வாப்பா விரும்பினா குரல் குடுக்கட்டும். எப்ப தறியில இருந்தார், ஆர் பழக்கினது, எந்த நிறம் இப்ப வாங்குறாங்க இல்ல, அவர் சாதாரணமா உங்களோட கதைக்கிற மாதிரியே கதைக்கட்டும். நூல் சுத்துற பொம்பளைகள்ட கையை எடுக்க முதல் அவங்கட்டயும் வீட்டிலயும் கேட்டு எடுங்க, கை மட்டும்தானே எண்டு கேக்காம விடவேணாம், காப்பையும் மோதிரத்தையும் வச்சு ஊர்ல ஆக்களை அடையாளம் கண்டுருவாங்க. 2004 சுனாமியைப் பத்தி வாப்பா தானா சொன்னா சொல்லட்டும், ஆனா அதை வச்சு சாறன் விக்கிற மாதிரி ஒரு வீடியோவும் செய்யாதீங்க. இது என்ட அபிப்பிராயம், இதுல நான் கொஞ்சம் பிடிவாதம்தான். அந்தக் கடற்கரை ஊர்கள்ல ஆரும் அதைக் கண்டு சும்மா கடந்து போக மாட்டாங்க, அவங்கட துக்கத்துல எங்கட வியாபாரம் ஏறக்கூடாது.

விசைத்தறிச் சாறன் பிரச்சினைக்கும் வீடியோதான் மருந்து. ஆரையும் பேர் சொல்லிக் குறை சொல்லாம, ரெண்டு துணியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சுக் காட்டுங்க. கையால நெய்ததுல ஊடை நூல் (குறுக்கால ஓடுற நூல்) அங்க இங்க கொஞ்சம் நெருங்கியும் ஐதாகியும் இருக்கும், மெசின்ல வந்தது ஒரே சீரா இருக்கும். அதைக் குறையா நினைக்காம அதுதான் அடையாளம் எண்டு சொல்லிக்குடுங்க. மற்றது, வெள்ளைத் துணி ஒண்டை நனைச்சு உங்கட சாறன்ல அழுத்தித் தேச்சுக் காட்டுங்க. சாயம் ஒட்டல்ல எண்டா நல்லம். கொஞ்சம் ஒட்டினா அதை மறைக்காதீங்க, எந்த நிறம் முதல் கழுவலுக்கு விடும், எப்படித் தனியா கழுவவேணும் எண்டு சொல்லுங்க. வாங்கப்போற ஆள் மனசுக்குள்ள வச்சுக்கொண்டு கேக்காம விடுற கேள்வி அது.

நேரம் பத்திக் கேட்டீங்க. இப்ப நீங்க காலையில ஒம்பதரைக்குப் போடுறீங்க. கட்டாரும் சவூதியும் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு, அங்க அப்ப ஏழு மணி, வேலைக்குப் போற அவசரம். இங்க இரவு ஒம்பதரைக்குப் போட்டா அங்க ஏழு, வேலை முடிஞ்சு கட்டில்ல சாஞ்சு போனைப் பாக்கிற நேரம். அங்க வெள்ளியும் சனியும் லீவு எண்டதால வியாழன் இரவு இன்னும் நல்லம். டுபாய்க்காரருக்கு ஒண்டரை மணித்தியாலம்தான் வித்தியாசம், அங்க 2022ல இருந்து லீவு சனி ஞாயிறு. ஆனா நான் சொன்னதை அப்படியே எடுக்காம இன்சைட்ஸ்ல உங்கட ஆக்கள் எந்த ஊர், எந்த நேரம் எண்டு பாத்து மாத்துங்க. கிழமைக்கு ரெண்டு மூண்டு போஸ்ட் காணும். ஒவ்வொரு நாளும் ஏதாவது போடவேணும் எண்டு காலை வணக்கப் போஸ்டரும் ஜும்ஆ முபாரக் போஸ்டரும் போட்டு வாறீங்க, அந்த துஆவை உங்கட ஸ்டேட்டஸ்ல வையுங்க, பேஜ்ல துணியும் தறியும் இருக்கட்டும்.

டிக்டொக் பத்தி காக்கா சொல்றது பிழையில்ல, ஆனா இப்ப ரெண்டு இடத்தைக் கட்டி மேய்க்க உங்களுக்கு நேரம் இல்ல. எடுத்த வீடியோவை போன்ல இருந்தே நேரா அங்கயும் போட்டுவிடுங்க. டிக்டொக்ல ஏத்தி, அந்த அடையாளத்தோட டவுன்லோட் பண்ணி இன்ஸ்டகிராம்ல போடாதீங்க, வேற ஆப்ட லோகோ தெரியிற ரீல்ஸை (சின்ன வீடியோக்களை) ஆக்களுக்குக் குறைச்சுக் காட்டுறம் எண்டு இன்ஸ்டகிராம் 2021லயே சொல்லிட்டுது.

எங்கட பக்கம் வியாபாரம் முடியிறது வட்ஸ்அப்லதான். உங்கட நம்பரை வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாத்துங்க, காசு இல்ல. அதுல இருக்கிற கெட்டலொக்ல (சாமான் பட்டியல்ல) ஒவ்வொரு சாறனையும் படத்தோட விலையோட போட்டு வையுங்க. நீளம், கூரியர், காசு கட்டுற வழி எண்டு திரும்பத் திரும்பக் கேக்கிறதுக்கு குயிக் ரிப்ளை (ஒரு தட்டுல போற ஆயத்தப் பதில்) எழுதி வச்சா சமையலுக்கு நடுவுலயும் பதில் போடலாம். வாங்கின ஆக்கள்ட்ட "எங்கட நம்பரைச் சேவ் பண்ணிக்கொள்ளுங்க, புதுப் பாவு இறங்கினா சொல்றன்" எண்டு சொல்லுங்க, சேவ் பண்ணாத ஆக்களுக்கு புரோட்காஸ்ட் லிஸ்ட்ல (ஒரே மெசேஜைக் கனபேருக்கு ஒரேயடியா அனுப்புற வசதி) அனுப்புறது போய்ச் சேராது. சாமான் போய் ஒரு கிழமையில "கழுவின பிறகு எப்படி இருக்கு?" எண்டு கேளுங்க. நல்லம் எண்டு படம் அனுப்பினா, பேஜ்ல போடலாமா எண்டு கேட்டுப் போடுங்க. குறை சொன்னா அதை முதல்ல வாப்பாட்டக் காட்டுங்க.

கடைசியா, நீங்க கேக்காத ஒண்டு, எனக்கு இதுதான் உங்கட கடிதத்துல கூடப் பயமா இருந்திச்சு. பேஜை உண்டாக்கினது காக்காட கூட்டாளிட அக்கவுன்ட்ல, அவர் இப்ப தொடர்புல இல்ல எண்டு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க. அந்த அக்கவுன்டை ஆராவது ஹெக் பண்ணினா பேஜும் அதோட போகும். காக்காவைக் கொண்டு அவரைத் தேடிப் பிடிச்சு, பேஜ்ட முழுக் கட்டுப்பாட்டை உங்கட அக்கவுன்டுக்கும் காக்காட அக்கவுன்டுக்கும் எடுங்க, பிறகு அவரை நீக்குங்க, ரெண்டு பேரும் டூ ஃபெக்டரை (பாஸ்வேர்டோட இன்னொரு கோடையும் கேக்கிற பூட்டு) போடுங்க. "கொப்பிரைட் பிரச்சினை, உங்கட பேஜ் மூடப்படும், இந்த லிங்கை அமத்துங்க" எண்டு மெசென்ஜர்ல வாற எதையும் தொடவேணாம், பேஸ்புக் அப்படி மெசேஜ் போட்டுப் பாஸ்வேர்ட் கேக்காது. இதை முடிச்சிட்டு தோஹாக்காரருக்குப் பதில் எழுதுங்க. ஒரு மாசத்துக்கு எத்தின பேர் லைக் போட்டாங்க எண்டு பாக்காம, எத்தின பேர் கேள்வி கேட்டாங்க, எத்தின மணித்தியாலத்துல பதில் போச்சு, எத்தின பேர் வாங்கினாங்க எண்டு ஒரு கொப்பியில எழுதி வச்சு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க, அதைப் பாத்துத்தான் பூஸ்டுக்கு எவ்வளவு போடலாம் எண்டு என்னால சொல்ல ஏலும்.